முன்னால் இழுப்பதா, பின்னால் தள்ளுவதா?

"தம்பி, வண்டியத் திருப்புங்க. பின்பக்கமா ஏத்துங்க!"

இப்படி ஒரு யோசனையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சொன்னவர், எங்கள் வத்திராயிருப்பில் முப்பது வருஷமாக வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி. கேட்டுக்கொண்டு நின்றவன் நான். மதுரையில் ஆபீஸ் உத்தியோகம், சொசைட்டியில் கடன், அந்தக் கடனில் மூன்று கை மாறி வந்த ஒரு மாருதி 800. ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்றே சொந்த ஊருக்கு ஓட்டி வந்திருந்தேன். பார்த்தார்கள். எப்படிப்பட்ட நிலையில் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

1996, ஐப்பசி மாதம். மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும். எங்கள் குலதெய்வம் கோயில் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம். கரை மேல் ஏறுவதற்கு ஒரு மண் சரிவு உண்டு. காரின் பின் சீட்டில் அம்மா, அத்தை, அத்தையின் நாத்தனார். மூவரும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த வம்சம். டிக்கியில் வெண்கலப் பானை, அரிசி, வெல்லம். முன் சீட்டில் பக்கத்தில் என் மனைவி. அவள் எடையைப் பற்றி எழுத எனக்கு உத்தரவில்லை.

முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறினேன். பாதிச் சரிவில் முன்சக்கரம் இரண்டும் சும்மா சுற்ற ஆரம்பித்தன. சேறு பானட் வரை தெறித்தது. வண்டி மெதுவாக, மரியாதையாக, பின்னால் இறங்கி வந்துவிட்டது. மூன்று தடவை இதே கதை. கரை மேல் பத்துப் பையன்கள் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

அப்போதுதான் அண்ணாச்சியின் டீசல் அம்பாசிடர் வந்தது. உள்ளே எண்ணிப் பார்த்தால் எட்டுப் பேர். எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் கோயில் யானை மாதிரி அசைந்து அசைந்து ஏறிப் போய்விட்டது. அண்ணாச்சி மேலே வண்டியை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"உங்க வண்டி நல்ல வண்டிதான் தம்பி. ஆனா இது முன்னால இழுக்கிற வண்டி. ஏத்தத்துல இதுக்கு மூஞ்சி லேசாயிரும். பின்னால உக்காந்திருக்கவுகள இறங்கச் சொல்லுங்க."

"புதுப் பட்டு. சேத்துல நான் கால் வைக்க மாட்டேன்" என்றாள் அத்தை.

"அப்பச் சரி. ரிவர்ஸ்ல ஏத்துங்க" என்றார் அண்ணாச்சி.

ஏற்றினேன். அவர் பின்னால் நின்று கை காட்ட, கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டினேன். நம்பினால் நம்புங்கள், அதே சேறு, அதே சரிவு, அதே அத்தை. வண்டி ஒரே மூச்சில் ஏறிவிட்டது! பையன்கள் ஏமாற்றத்தோடு கலைந்து போனார்கள். அத்தைக்கு மட்டும் குறை: "சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டா கோயிலுக்குப் போறது?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ரிவர்ஸில் ஏறுகிற வண்டி நேராக ஏன் ஏறவில்லை? அண்ணாச்சியைத் துளைத்துக் கேட்டதையும், பிறகு புத்தகங்களில் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கார் வைத்திருக்கிறவர்களுக்கும், வாங்கப் போகிறவர்களுக்கும், மாமனார் வாங்கித் தருவார் என்று காத்திருக்கிறவர்களுக்கும் உபயோகப்படும்.

மோரிஸ் வீட்டு இரண்டு பிள்ளைகள்

அம்பாசிடரில் எஞ்சின் முன்னால், ஓடுவது பின்சக்கரம். எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோக வண்டியின் வயிற்றுக்கடியில் நீளமாக ஒரு இரும்புத் தண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், ஓடுகிறது. பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்தவர்களுக்குக் காலடியில் ஒரு மேடு இடித்திருக்குமே, அது இந்தத் தண்டுக்காக விட்ட இடம்தான். பிரீமியர் பத்மினியும் இதே ஜாதி. லாரி, பஸ் எல்லாம் இதே ஜாதி.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், 650 கிலோ. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன்சக்கரத்தையே ஓட்ட வைத்துவிட்டார்கள். நீளத் தண்டு வேண்டாம். எடை மிச்சம், காசு மிச்சம், காலடி மேடும் கிடையாது. சின்ன வண்டிக்குள் பெரிய குடும்பம் உட்கார முடிந்ததன் ரகசியம் இதுதான்.

இது ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. பிரான்ஸில் சிட்ரோயன் கம்பெனி 1934-லேயே முன்சக்கர வண்டியைப் பெரிய அளவில் விற்றது. எஞ்சினைக் குறுக்கே வைக்கும் வித்தையை உலகம் பூராவும் பிரபலமாக்கியது 1959-ல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி கார். அதன் ஒரு பெயர் மோரிஸ் மினி மைனர். நம் அம்பாசிடரோ மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு. ஆக, இழுக்கிற பிள்ளை, தள்ளுகிற பிள்ளை, இரண்டுமே மோரிஸ் வீட்டில் வளர்ந்தவைதான்!

டயருக்கும் சம்பளம் உண்டு

இனி கணக்கு. பயப்படாதீர்கள், மாதக் கடைசியில் நாம் போடுகிற கணக்குதான்.

ஒவ்வொரு டயருக்கும் ஒரு சம்பளம் உண்டு. அதன் பெயர் பிடிமானம். அந்த டயர் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறதோ, அதில் ஒரு பங்கு. காய்ந்த தார் ரோடு தாராள மனசுக்காரன். எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் கொடுப்பான். நனைந்த தார் ஏறக்குறைய பாதி. சேறு அதையும் விடக் கஞ்சன்.

எங்கள் கண்மாய்ச் சரிவு, ஐந்தடி போனால் ஓரடி உயரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரும் நாங்களும் பானையும் சேர்ந்து ஆயிரம் கிலோ. அப்படியென்றால் வண்டியை மேலே ஏற்ற அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது இருநூறு கிலோ இழுவை வேண்டும். சேறு நாற்பது சதவீதம் சம்பளம் தருகிறது என்போம்.

காலி மாருதியில் எடையில் சுமார் அறுபது சதவீதம் முன்சக்கரத்தின் மேல்தான். ஆனால் பின் சீட்டில் அத்தை கோஷ்டி ஏறினதும் பாதிக்குப் பாதி ஆகிவிட்டது. முன்னால் 500 கிலோ. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும். ஐம்பது கிலோ பின்னால் போய்விட்டால் முன்னால் மிச்சம் 450. அதில் நாற்பது சதவீதம் 180. தேவை 200. இருபது கிலோ துண்டு விழுகிறது. முன்சக்கரம் சும்மா சுற்றாமல் என்ன செய்யும்?

இப்போது வண்டியைத் திருப்புங்கள். சரிவில் முன்சக்கரம் கீழ்ப்பக்கம் வந்துவிட்டது. அதே ஐம்பது கிலோ இப்போது அதன் மேல் வந்து உட்கார்கிறது. 550-ல் நாற்பது சதவீதம் 220. தேவைக்கு மேல் இருபது கிலோ உபரி. வண்டி ஏறிவிட்டது. (அத்தை கோஷ்டி இறங்கி நடந்திருந்தால் நேராகவே ஏறியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அத்தையிடம் காட்ட தைரியம் இல்லை.)

அம்பாசிடருக்கு நேர் எதிர். பின்னால் ஆள் ஏற ஏற, ஏற்றம் கூடக் கூட, ஓடுகிற சக்கரத்தின் மேல் எடை கூடுகிறது. எட்டுப் பேர் ஏறினதால்தான் அது அவ்வளவு சொகுசாக ஏறியது.

அப்படியானால் பின்சக்கர வண்டிதான் உசத்தியா? அண்ணாச்சியே இதை ஒப்புக்கொள்ளவில்லை. "சவாரிய இறக்கிவிட்டுட்டு காலியா திரும்பும்போது பாக்கணும் தம்பி. மழை ரோட்டுல வளைவுல கொஞ்சம் ஆக்ஸிலேட்டர அமுக்கினா, பின்பக்கம் நம்மளை முந்திக்கிட்டுப் போகப் பாக்கும்." பின்னால் ஆளில்லை, எடையில்லை, எனவே சம்பளம் குறைவு. முன்சக்கர வண்டியில் எஞ்சின் எப்போதும் இறங்காத பாஸஞ்சர். ஓடுகிற சக்கரத்தின் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். சமதளத்தில், மழையில், ஒற்றை ஆளாக ஆபீஸ் போகிறவனுக்கு அதுதான் நம்பகமானது.

இழுப்பு, நிறுத்தம், திருப்பம்

இந்தச் சம்பளத்தில் டயர் மூன்று செலவு பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டுவது, நிறுத்துவது, திருப்புவது. அம்பாசிடரில் குடும்ப வேலை பிரிந்திருக்கிறது. திருப்புவது முன்சக்கரம், தள்ளுவது பின்சக்கரம். மாருதியில் இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரமே. ஒரே ஆள் ஆபீஸுக்கும் போய், ரேஷன் கடைக்கும் போவது மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. நூறு ரூபாய் சம்பளத்தில் இழுப்புக்கு 60 ரூபாய் செலவு செய்தால், திருப்பத்துக்கு 40 தானே மிஞ்சும்? இல்லை, 80 கிடைக்கிறது! பள்ளிக்கூடத்தில் படித்த 3-4-5 முக்கோணம் ஞாபகம் இருக்கிறதா? அந்த பிதாகரஸ் விதிதான் இங்கே செல்லுபடியாகிறது. எனவே நிதானமாக ஓட்டுகிறவரை எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் இழுப்புக்கு 80 கொடுத்தால் திருப்பத்துக்கு 60. 95 கொடுத்தால் 31. நூறையும் கொடுத்துவிட்டால் பூஜ்யம். கடைசிப் பத்து ரூபாயில்தான் குடும்பம் கவிழ்கிறது.

முன்சக்கர வண்டியில் வளைவில் வேகத்தைக் கூட்டினால் முன்டயரின் சம்பளம் தீர்ந்துபோகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கமாக நேரே போகும். பின்சக்கர வண்டியில் அதே தப்பைச் செய்தால் பின்டயர் வழுக்கி, வால் வெளியே வீசும். முன்னதில் வேலியைப் பார்த்துக்கொண்டே வேலிக்குள் போவீர்கள். பின்னதில் முதுகைக் காட்டிக்கொண்டு போவீர்கள். அதுதான் வித்தியாசம்.

புளியரையில் அரை வட்டம்

மேலே எழுதியதெல்லாம் எனக்குக் கணக்காகத்தான் தெரிந்திருந்தது. உடம்பில் உறைத்தது 1997 ஆடி மாதம்.

குற்றாலத்தில் சாரல். குடும்பத்தோடு குளித்துவிட்டு, தென்மலை வரை போய்விட்டுத் திரும்பினோம். ஆரியங்காவு தாண்டி, கோட்டைவாசலிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் இறக்கம். புளியரைக்கு மேலே எஸ் வளைவு என்று ஒன்று உண்டு. ஓட்டினவர்களுக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன்னால் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்திருந்தேன். இரண்டு புது டயர் வாங்கினேன். நாலு வாங்கக் காசில்லை. "முன்சக்கரம்தானே சார் இழுக்குது, முன்னாலயே போட்டுருவோம்" என்றார்கள் டயர் கடையில். எனக்கும் நியாயமாகப் பட்டது. பின்னால் இருந்த இரண்டும் என் பெரியப்பா தலை மாதிரி வழுவழு.

பொடித் தூறல். மூன்றாம் கியர். வளைவுக்குள் பாதி திரும்பியிருக்கிறேன், எதிரே ஒரு லாரி அகலமாக ஏறி வருகிறது. பயத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்து பிரேக்கில் வைத்தேன். அவ்வளவுதான். முன்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொண்டது. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மலை, மரம், லாரி, மலை என்று எல்லாம் கண்ணாடியில் வரிசையாக ஓடின. வண்டி நின்றபோது நாங்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லாரி இரண்டு முழத்தில் நின்றிருந்தது.

பின் சீட்டிலிருந்து என் மூன்று வயதுப் பையன், "அப்பா, இன்னொரு தடவை!" என்றான்.

என் மனைவி செங்கோட்டை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஊரில் அண்ணாச்சி என் டயர்களைக் குனிந்து பார்த்துவிட்டு, நாக்கைச் 'ச்சு' கொட்டினார். "புது டயர் எப்பவும் பின்னால தம்பி. எந்த வண்டியானாலும்."

"இழுக்கிறது முன்னாலதானே அண்ணாச்சி?"

"இழுக்கிறதப் பத்தி யாரு கேட்டா? உயிர் போறது வழுக்கறதுலல்ல. முன்னால வழுக்கினா ஸ்டீயரிங் லேசாகும், கைக்குத் தெரியும். காலைத் தளர்த்தினா திரும்பப் பிடிச்சுக்கும். பின்னால வழுக்கினா தெரியறதுக்குள்ள திரும்பி நிப்பீக."

பிற்பாடு படித்தபோது, பெரிய டயர் கம்பெனிகளும் இதையே சொல்வதைப் பார்த்தேன். காலை வெடுக்கென்று எடுத்தால், பிரேக் போட்டால், எடை முன்னால் சாய்கிறது. பின்டயரின் மேல் எடை குறைகிறது, சம்பளம் குறைகிறது. ஏற்கெனவே மொட்டை டயர், நனைந்த ரோடு. வளைவில் திரும்பவே அதற்குக் காசு போதவில்லை. இந்தச் சாய்வு எல்லா வண்டிக்கும் உண்டு. நான் புது டயரை முன்னால் போட்டு, வித்தியாசத்தை இரண்டு மடங்காக்கியிருந்தேன்.

ஒரே நோய், இரண்டு வைத்தியம்

அண்ணாச்சி கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். "வால் ஆடுதுன்னா, வால் போற பக்கமே ஸ்டீயரிங்க ஒடிக்கணும். அது ரெண்டு வண்டிக்கும் பொது. ஆனா கால் வேலை வேற. என் வண்டியில வால் ஆடறது நான் அமுக்கினதால. அதனால மெல்லக் காலை எடுப்பேன். உங்க வண்டியில வால் ஆடறது நீங்க காலை எடுத்ததால. மறுபடி துளி அமுக்குங்க, மூக்கு இழுத்து நேராக்கிடும்."

இருபது வருஷம் அம்பாசிடர் ஓட்டினவர்கள் மாருதிக்கு மாறியபோது திணறினது இதனால்தான். கை பழகிவிட்டது, கால் பழகவில்லை. இன்றைக்குத் தலைகீழ். முன்சக்கரக் காரில் பழகிய பையன்கள் பின்சக்கர வண்டியில் ஏறுகிறார்கள்.

ஏனென்றால் அம்பாசிடர் 2014-ல் நின்றுபோனாலும், பின்சக்கர ஓட்டம் போய்விடவில்லை. பொலிரோ, ஈகோ எல்லாம் பின்சக்கரம்தான். சவாரி வண்டியில் அம்பாசிடரின் இடத்தைப் பிடித்த இன்னோவா, 2016-ல் கிரிஸ்டாவாக வந்தபோதும் பின்சக்கரமே. 2022-ல் ஹைகிராஸாக வந்தபோது முன்சக்கரமாக மாறிவிட்டது. பெயர் ஒன்று, குணம் வேறு! மின்சாரக் கார்களில் நெக்ஸான் முன்னால் இழுக்கிறது; 2024-ல் மஹிந்திரா அறிமுகம் செய்த பி.இ. 6 பின்னால் தள்ளுகிறது. கார் வாங்குகிறவர்கள் கலரைக் கேட்கிறார்கள், மைலேஜைக் கேட்கிறார்கள். எந்தச் சக்கரம் ஓடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

"இப்போ ஏ.பி.எஸ். இருக்கே சார்?" என்பீர்கள். இருக்கிறது. 2019-லிருந்து புதுக் கார்களில் கட்டாயம். அது உள்ள வண்டியில் ஆபத்தென்றால் தயங்காமல் பிரேக்கை முழுசாக அமுக்கி, ஸ்டீயரிங்கை வேண்டிய பக்கம் திருப்பலாம், சக்கரம் பூட்டிக்கொள்ளாது. ஆனால் எந்தக் கருவியும் டயரின் சம்பளத்தை ஒரு பைசா உயர்த்தித் தராது. இருப்பதை ஒழுங்காகப் பங்கிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். மொட்டை டயரில் அதற்கும் வேலை இல்லை.

ஆகவே சுருக்கமாக: வேகத்தை வளைவுக்கு முன்னால் குறையுங்கள், உள்ளே போய் அல்ல. வளைவுக்குள் கால், கை எல்லாம் மெதுவாக. ஈர இறக்கத்தில் பின்சக்கர வண்டியில் கியரைக் குறைத்து கிளட்சைப் பட்டென்று விடாதீர்கள். அது பின்சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி. முதல் தூறலை நம்பாதீர்கள். தூசியும் எண்ணெயும் கலந்து ரோடு வழுக்குவது அப்போதுதான். சேற்றில் மாட்டினால் முறுக்காதீர்கள். ஓடுகிற சக்கரத்துக்கடியில் தென்னை மட்டையைப் போட்டு, மெதுவாக எடுங்கள். எங்கள் ஊரில் மட்டைக்குப் பஞ்சமில்லை. இரண்டு டயர்தான் வாங்கக் காசிருந்தால் பின்னால் போடுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவருடைய அம்பாசிடர் ஒரு தென்னந்தோப்பில் நிற்கிறது. பின் சீட்டில் கோழி அடைகாக்கிறது. அன்றைக்கு 'இன்னொரு தடவை' கேட்ட பையன் இப்போது சொந்தக் கார் வைத்திருக்கிறான், பின்சக்கர வண்டி. கால் வேலையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் எல்லோரும் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம். கண்மாய்க் கரைச் சரிவுக்கு சிமெண்ட் போட்டுவிட்டார்கள். அத்தைக்கு எண்பத்தி மூன்று வயது. நேற்று போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"ஏம்ப்பா, இந்தத் தடவையாவது சாமியைப் பாத்தாப்ல போவமா?"